ரேடியோ செக்: கீது

போன வாரம், பழைய விமானங்களைப் புதுப்பிக்கும் எங்கள் ஷெட்டிலிருந்து ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்கிற பெண். புதிதாக வந்திருக்கும் மேனேஜர் ஓர் உத்தரவு போட்டிருக்கிறாராம். பழைய விமானத்தின் ரேடியோவைச் சோதிக்கும்போது ஒருவர் ‘ரேடியோ செக்’ என்று கேட்டால், எதிர்முனையில் இருப்பவர் ‘ஐந்துக்கு ஐந்து’ என்றுதான் இனி பதில் சொல்ல வேண்டுமாம். சத்தமும் தெளிவும் முழுசாக இருக்கிறது என்று அர்த்தம், உலகம் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் ஷெட்டில் மட்டும் இத்தனை வருடமாக ‘கீது’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதை யார் ஆரம்பித்தார்கள், எதற்கு என்று மேனேஜர் கேட்கிறாராம். அவளுக்குத் தெரியவில்லை. என்னை எழுதித் தரச் சொன்னாள். எழுதுவானேன், போனிலேயே சொல்லிவிடுகிறேனே என்றேன்.

“போன்ல சொன்னா நீங்க நிறுத்த மாட்டீங்க சார். எழுதினா கை வலிக்கும், நிறுத்திடுவீங்க” என்றாள்.

நியாயம்தான். ஆகவே எழுதுகிறேன்.

வடசென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ‘கீது’ என்றால் ‘இருக்கிறது’. வீட்டில் சோறு கீதா என்றால் சோறு இருக்கிறதா என்று பொருள். சினிமாவில் இந்தப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். நாங்கள் சிரிக்க மாட்டோம், எங்களுக்கு அது வெறும் பேச்சு.

என் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதுவே சுருக்கம்தான். காசிமேட்டில் மீன்பிடிப் படகுகளின் வயர்லெஸ் பெட்டிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். கற்றுக்கொடுத்தது கெட்டுப்போன பெட்டிகள்தான். பத்துப் பெட்டியைக் கெடுத்தால் பதினோராவது பெட்டி வழிக்கு வரும். உப்புக்காற்று எதையெல்லாம் தின்னும், எந்த வரிசையில் தின்னும் என்பது எனக்கு மனப்பாடம். இரும்பை முதலில் தின்னும், பிறகு ஈயப்பற்றை, கடைசியில் படகுக்காரரின் பொறுமையை.

அங்கிருந்து என்னை அழைத்து வந்தவர் ஹமீது பாய். வண்ணாரப்பேட்டையில் பழைய கப்பல் சாமான் வியாபாரம் செய்த குடும்பம். ஒரு தடவை ஏலத்தில் ஜெனரேட்டர் எடுக்கப் போனார். ஜெனரேட்டர் இருந்த மூலையில் எலும்புக்கூடாக ஒரு சின்ன விமானமும் கிடந்ததாம். மொத்தமாகத்தான் எடுக்க வேண்டும் என்றார்களாம். ஜெனரேட்டர் ஓடவே இல்லை. விமானத்தைப் பழையபடி செய்து கொடுத்தால் வாங்க ஆள் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அருங்காட்சியகம் வைத்திருப்பவர்கள், ராணுவப் பிரிவுகள், வசதியுள்ள சில ஆசைக்காரர்கள். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில் கப்பல் கயிறு வைத்திருந்த கிடங்கு ஒன்று பாய்க்குச் சொந்தம். கயிறு வெளியே போனது, விமானம் உள்ளே வந்தது.

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் உட்காரலாம். இறக்கைக்குத் துணி போர்த்தித் தைத்திருக்கும். பீரங்கிக் குண்டு எங்கே போய் விழுகிறது என்று மேலே பறந்து பார்த்துக் கீழே இருப்பவர்களுக்கு ரேடியோவில் சொல்வதற்காக ஒரு காலத்தில் ராணுவம் வைத்திருந்தது. ஆக, அதில் எஞ்சினுக்கு அடுத்தபடி முக்கியமான சாமான் ரேடியோ. ரேடியோ இல்லையென்றால் அது குண்டு விழுவதை வேடிக்கை பார்க்கப் போன விமானம்.

ரேடியோப் பிரிவுக்குத் தலைவர் தேவசகாயம் சார். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது காலடிப்பேட்டை, வாழ்ந்தது காஷ்மீரிலிருந்து அஸ்ஸாம் வரை. இந்தியும் ஆங்கிலமும் சுத்தமாகப் பேசுவார். தமிழ் மட்டும் காலடிப்பேட்டையிலேயே நின்றுவிட்டது. இஸ்திரி போட்ட வெள்ளை அரைக்கைச் சட்டை. பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி ஒரு டீ டம்ளரில் போட்டு மேலே துணியை மூடுவார். தங்கம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால்தான் கல்யாணமே ஆபத்து என்பார். சொல்லிவிட்டுச் சிரிக்க மாட்டார்.

நான் சேர்ந்த அன்று எதுவும் கேட்கவில்லை. ஒரு பழைய பெட்டியை என் முன்னால் தள்ளி, “மோந்து பாரு” என்றார்.

மோந்து பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மர் கருகியிருக்கிறது என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். “நாளிக்கு வா” என்றார். அவ்வளவுதான் நேர்காணல்.

அவர் முறை இது: முதலில் மூக்கு, அடுத்து விரல், மூன்றாவது மீட்டர். பல வருடம் தூங்கிய பெட்டிக்கு நேராகக் கரண்ட் கொடுக்கக் கூடாது. தூங்குகிறவனை உலுக்கி எழுப்பினால் யாராக இருந்தாலும் அடிப்பான் என்பார். நடுவில் ஒரு குண்டு பல்பைத் தொடராக மாட்டி, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். பல்பு பிரகாசமாக எரிந்தால் பெட்டிக்குள் எங்கோ தப்பு. மங்கலாக எரிந்து அணைகிற மாதிரி ஆனால் பெட்டி விழித்துக்கொள்கிறது. அப்புறம் உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வுகள் சூடாகும். அந்த நேரத்தில் பேசினால் அவருக்குப் பிடிக்காது.

மெழுகுக் காகிதம் சுற்றிய பழைய கெப்பாசிட்டர்கள் எல்லாம் உள்ளே செத்திருக்கும். வெளி உறையைப் பதமாகச் சூடாக்கி உள்ளே இருப்பதை உருவி எடுத்துவிட்டு, புதுசை நுழைத்து, அதே மெழுகை உருக்கி மூட வேண்டும். பார்க்கிறவனுக்குப் பழசு, கரண்டுக்குப் புதுசு. இது பித்தலாட்டம் இல்லையா சார் என்று ஒரு தடவை கேட்டேன். “பல்லு கட்டிகினவன் பேசினா அது அவன் பேச்சு இல்லியா?” என்றார். ஆனால் அவர் தாங்காத விஷயம் ஒன்று உண்டு. பழைய பெட்டியைக் குடைந்து காலி செய்துவிட்டு உள்ளே இன்றைய ரேடியோ ஒன்றை வைத்து மூடிக் கொடுப்பது. பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள், வேலை சுலபம். “பல்லு கட்டலாம்ப்பா, வேற ஆளு வாய ஒட்ட வெக்கக் கூடாது” என்பார்.

எல்லாம் முடிந்து பெட்டி சரியாக இருந்தால் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வார். “கீது.” நன்று, பிரமாதம், சபாஷ் எல்லாம் அவர் அகராதியில் கிடையாது. சிக்னல் இருக்கிறது, அவ்வளவுதான். அவர் ‘கீது’ சொன்ன பெட்டி திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

இப்போது அந்தக் கஷ்டமான கேஸுக்கு வருகிறேன்.

ஒரு ராணுவப் பிரிவு அதன் பழைய விமானத்தை எங்களிடம் கொடுத்திருந்தது. அதில் பறந்த கர்னல் ஒருவர் எண்பது வயதைத் தாண்டி உயிரோடு இருந்தார். அவர் உட்கார்ந்து, எஞ்சின் ஓட, அந்தக் காலத்து ரேடியோவில் பேச வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். விமானம் பறக்க வேண்டாம், தரையில் ஓடினால் போதும். அனுமதி வாங்குகிற அலைச்சல் எல்லாம் பாய் பார்த்துக்கொண்டார். பழைய பெட்டி வேலை செய்யாவிட்டால் புது ரேடியோவை உள்ளே வைத்தாலும் அவர்களுக்குச் சம்மதம்தான்.

பாய் கெட்டவர் அல்ல. கணக்கானவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்தத் தடவை பழைய பெட்டி பேசினால் பழைய பெட்டி வழியிலேயே போவோம். பேசவில்லையென்றால் இனி எல்லா விமானத்துக்கும் புது ரேடியோதான் என்றார்.

“அப்ப சார்?” என்று கேட்டேன்.

“புது ரேடியோக்கு சார் எதுக்கு ஜெய்ராம்? திருகு முடுக்க ஆளு போதும்.”

அதை சாரிடம் சொல்ல வேண்டிய வேலையும் எனக்கே வந்தது. சொன்னேன். அவர் சோல்டரிங் முனையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். மனைவி போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன, மகள் வெளியூரில். வீட்டில் ஓய்வாக இருக்கலாமே சார் என்று நான் ஒப்புக்குச் சொன்னேன்.

“வூட்ல இன்னா கீது?” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே பதிலும் சொன்னார். “செவுரு கீது.”

பெட்டி பெஞ்சில் அருமையாக வேலை செய்தது. விமானத்தில் மாட்டினோம். எஞ்சின் ஓடாதபோது அங்கேயும் அருமை. அடுத்த நாள் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தோம். சார் பின் இருக்கையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார், மடியில் அவருடைய மீட்டர். ஷெட்டில் எதிர்முனையாக வைத்திருந்த தரைப் பெட்டியில் ஒரு பையனை விடாமல் பேசச் சொல்லிவிட்டு நான் ஓடி வந்தேன். சார் தலையை ஆட்டி “கீது” என்றார்.

நான் ஹெட்போனை வாங்கி மாட்டினேன். வடைச் சட்டிக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. எண்ணெய் பொரிகிற சத்தம், அதற்குள் எங்கோ மனிதக் குரல்.

எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினேன். “சார், எரைச்சல் கீது!”

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திருப்தியாகச் சொன்னார். “அதான் நானும் சொன்னேன். கீது.”

அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. பல நாளாகக் கண்ணில் பட்டதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. போன் அடித்தால் எடுக்காதது, பேசுகிறவரின் உதட்டைப் பார்ப்பது, முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் திரும்பாதது. மரியாதைக்குரியவர், ராணுவக்காரர், அப்படித்தான் இருப்பார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். அவர் முகத்துக்கு நேராகப் போய் மெதுவாகக் கேட்டேன். சார், உங்களுக்குக் கேட்குதா?

அவர் இறங்கி பெஞ்சுக்குப் போனார். டம்ளரில் இருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். வீட்டுக்குப் போகிறவர் செய்வது அது.

“ரெண்டு வருஷமா சரியா கேக்கல. இப்ப எஞ்சினே கேக்கல” என்றார். “ஊசிய பாத்துத்தான் சொல்றேன். ஊசி ஏறிச்சின்னா கீது.”

ஹெட்போனுக்குப் போகிற ஒலியை அளக்கும் மீட்டர் அது. பெஞ்சில் அது பொய் சொல்லாது. ஆனால் குரல் வந்தாலும் ஊசி ஏறும், இரைச்சல் வந்தாலும் ஊசி ஏறும். உள்ளே ஏதோ ‘கீது’ என்பது வரைக்கும்தான் ஊசிக்குத் தெரியும்.

நான் அதைச் சொன்னேன். இரைச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். வடை பொரிகிற மாதிரி என்றேன். எஞ்சின் வேகத்தைக் கூட்டினால் பொரிவதும் வேகமாகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கடிகாரத்தை மறுபடி கழற்றி டம்ளரில் போட்டார்.

“அப்போ பெட்டி மேல தப்பு இல்ல. எஞ்சின் பொறி உள்ள வருது. நீ காதுல மாட்டிகினு குந்து. நான் தேடறேன்.”

எஞ்சினில் தீப்பொறி பிறக்கும்போதெல்லாம் அது ஒரு குட்டி ரேடியோ நிலையம் மாதிரி ஒலிபரப்பும். அதை அடக்க, எஞ்சின், சட்டகம், இறக்கைக் கம்பி என்று உலோகமாக இருக்கும் எல்லாவற்றையும் செம்புப் பின்னல் பட்டைகளால் ஒன்றோடொன்று இணைத்திருப்பார்கள். எல்லாம் கை கோத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு கை விட்டுப்போனாலும் இரைச்சல் அந்த வழியாக வரும். பட்டைகள் எல்லாம் இருந்தன. எங்கள் கண்ணெதிரே பளபளவென்று இருந்தன.

சார் கையில் ஒரு செம்புக் கம்பி, இரண்டு முனையிலும் கூரான ஊசி. எஞ்சின் பக்கவாட்டில், விசிறியிலிருந்து தள்ளி நின்றுகொண்டு, ஒரு பட்டையின் இரண்டு பக்கத்தையும் கம்பியால் குத்தித் தொடுவார், என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன், இல்லை என்று. அடுத்த பட்டை. ஓரிடத்தில் வடைச்சட்டி பாதி அடங்கியது. கையைத் தூக்கினேன். சார் குனிந்து அந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். நகத்தில் வந்தது பச்சைப் பெயிண்ட். அதற்குக் கீழே சிவப்பு. அதற்கும் கீழே மஞ்சள்.

“ஆறுமுகத்த கூப்புடு” என்றார்.

ஆறுமுகம் அண்ணன் வியாசர்பாடிக்காரர், எங்கள் பெயிண்டர். வாழ்நாள் முழுக்கக் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தவர். எங்கள் பக்கத்தில் ஓர் இரும்பை இரவு மொட்டையாக விட்டால் காலையில் அது வேறு நிறத்தில் இருக்கும். கடற்காற்றும் தொழிற்சாலைக் காற்றும் சேர்ந்து அப்படிச் செய்யும். ஆகவே இங்கே யார் கையில் பிரஷ் இருந்தாலும் முதலில் செய்வது ஒன்றுதான்: கண்ணில் பட்ட உலோகத்துக்கெல்லாம் கோட்டிங். அண்ணன் பட்டைகளைக் கழற்றி, பட்டை உட்காரும் இடத்துக்கு மூன்று கோட்டு, பட்டைக்கு மூன்று கோட்டு, போல்ட்டுக்கு இரண்டு கோட்டு கொடுத்துப் பூட்டியிருந்தார். கப்பலாக இருந்திருந்தால் நூறு வருடம் தாங்கும்.

சுரண்ட வேண்டும் என்றதும் அவருக்கு முகம் செத்துவிட்டது.

“இன்னா சார், மூணு கோட்டு. கண்ணாடி மாதிரி கீது. மொட்டையா உட்டா காலைல துரு ஏறிடும். அப்பறம் யாரு கேக்கறது? ஆறுமுகத்ததான் கேப்பீங்க.”

சார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு மேஜையில் இருந்த ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு மறுபடி குலுக்கினார். “இப்ப கை குடுத்தனா?”

“குடுத்தீங்க.”

“சூடு தெரிஞ்சிதா?”

அண்ணன் கையுறையையே கொஞ்ச நேரம் பார்த்தார். “இதுக்கு பட்டைய போடாமயே இருந்திருக்கலாமே” என்றார். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். ரெண்டு பக்கமும் உலோகம் பளிச்சென்று தெரிகிற வரைக்கும் சுரண்டுவோம், சூட்டோடு சூடாகப் பூட்டுவோம், பூட்டின பிறகு மேலே நான் பெயிண்ட் அடிக்கிறேன், உள்ளே காற்று போகாது. சார் அதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை. விமானப் பராமரிப்புப் புத்தகத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான் போட்டிருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அந்த ஒரு பட்டையோடு விடாமல் எல்லாப் பட்டையையும் கழற்றினோம். அண்ணன் தன் பெயிண்டைத் தானே சுரண்டினார். வேறு யாரையும் தொட விடவில்லை.

மறுபடி எஞ்சினை ஓடவிட்டோம். சார் புதிதாக ஒரு விதி வைத்தார். “யாரும் பேசாதப்ப ஊசி படுத்துக்கணும். பேசினா எழுந்திரிக்கணும்.” யாரும் பேசவில்லை. ஊசி படுத்துக்கொண்டது. ஆறுமுகம் அண்ணன் தரைப் பெட்டியில் போய் மைக்கைப் பிடித்து, சொல்ல எதுவும் தோன்றாமல், “மூணு கோட்டு” என்றார். ஊசி எழுந்தது. என் காதில் அண்ணன் குரல் பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது. சார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அதன் பிறகுதான் அவர் ‘கீது’ சொன்னார்.

கர்னல் வந்தார். உடன் ஓர் இளம் மேஜர். வேலையை ஏற்பதும் மறுப்பதும் அவர் கையில்தான். பாய் அத்தர் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கர்னலை இரண்டு பேர் தாங்கி விமானத்தில் ஏற்றினார்கள். உள்ளே உட்கார்ந்ததும் அவர் காதிலிருந்து ஏதோ இரண்டு சின்னப் பொருளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். காது கேட்கும் கருவிகள். அவை இருந்தால் ஹெட்போன் உட்காராது.

தரைப் பெட்டியில் தேவசகாயம் சார். பக்கத்தில் நான், என் காதில் ஒரு ஹெட்போன். மேஜர் காதில் இன்னொன்று. எதிர்முனைப் பேச்சு முடிந்ததும் நான் சாரின் முழங்கையை ஒரு தட்டு தட்ட வேண்டும் என்று ஏற்பாடு. எஞ்சின் ஓடியது.

“ரேடியோ செக், எப்படிக் கேட்கிறது?” கர்னல் குரல் சுத்தமாக வந்தது. தட்டினேன்.

“கீது” என்றார் சார்.

அந்தக் காலப் பழக்கம் போலிருக்கிறது, கர்னல் பதிலுக்கென்று விட வேண்டிய இடைவெளியை ஒழுங்காக விட்டார். அந்த இடைவெளியில் அவருக்கு எதுவும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. பிறகு, காற்று மேற்கிலிருந்து வீசுகிறது, பார்வை தெளிவு என்றார். ஷெட் சுவர் அவருக்கு நேரே இருந்தது. தட்டினேன்.

“கீது.”

வடக்கே புகை தெரிகிறது என்றார். அது உண்மைதான், எண்ணூரில் எப்போதும் தெரியும். தட்டினேன். “கீது.” இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்கவில்லை. இரண்டு பேருமே ஒருமுறைகூட ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் ஏறவில்லை. நான் பார்த்ததிலேயே ஒழுங்கான ரேடியோ உரையாடல் அதுதான்.

மேஜர் ஹெட்போனைக் கழற்றினார். இரைச்சலே இல்லையே என்று பாயிடம் சொல்லிவிட்டு, அந்த ‘கீது’ என்றால் என்ன என்று கேட்டார். பாய் வியாபாரி. ஒரு கணமும் யோசிக்கவில்லை. அது எங்கள் கம்பெனி முறை, சோதனையில் தேறிய பெட்டிக்கு மட்டும்தான் அப்படிச் சொல்வோம் என்றார். அடுத்த வேலையிலிருந்து எல்லோரும் அப்படியே சொல்ல வேண்டும் என்றும் ஆயிற்று. ரேவதி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

அவர்கள் போனதும் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் பக்கம் பார்க்காமல் விமானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஜெய்ராம். நீ எதுக்கு சாரு கைய தட்டிகினே இருந்த? அவருக்கு காது கீதா, இல்லியா?”

“கீது பாய்.”

“ரெண்டுமா?”

“ரெண்டும் கீது.”

பாய் இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். பிறகு, “அப்போ நீ அவரு பக்கத்துலயே குந்திக்கோ. எங்கியும் போவாத” என்றார்.

போகவில்லை. தன்னால் இனி முடியாது என்று சாரே சொல்லும் வரை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் சம்பளப் பட்டியலில் ரேடியோ மெக்கானிக் என்றுதான் இருக்கும். என் வேலை தட்டுவது.

இப்போது நானும் ஓய்வில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலடிப்பேட்டையில் சார் வீட்டுக்குப் போவேன். அவருக்கு இப்போது ஒரு காதும் இல்லை. காலிங் பெல் கேட்காது என்பதால் அதன் வயரைக் கொண்டுபோய்ப் பழைய மீட்டர் ஒன்றில் கொடுத்து, அதைச் சுவரில் மாட்டியிருக்கிறார். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். யாரும் வராதபோது ஊசி படுத்திருக்கும்.

ரேவதி, மேனேஜரிடம் சொல். ஐந்துக்கு ஐந்து நல்ல பதில்தான், தாராளமாகச் சொல்லுங்கள். நான் மட்டும் மாற்றிக்கொள்ள முடியாது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெல்லை அழுத்திவிட்டுத் தெருவில் நிற்பேன். உள்ளேயிருந்து குரல் வரும்.

“கீது.”

கதவைத் தள்ளிக்கொண்டு போவேன்.